முதலில் பேஸ்மென்ற்: துணை வீடுகளும் கட்டுப்படியாகும் வாடகையும்

1980களிலும் 90களிலும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர் பலருக்குக் கனடாவில் கிடைத்த முதல் முகவரி சென்ட் ஜேம்ஸ் ரவுனின் அடுக்குமாடி அல்லது ஸ்காபரோவில் யாரோ ஒருவருடைய பேஸ்மென்ற். நிரந்தர வேலையும் வங்கியில் பெயரும் இல்லாத ஒருவரை நம்பி வீடு கொடுக்க முன்வந்தவர், அநேகமாக அவருக்குச் சில ஆண்டுகள் முந்தி வந்த இன்னொரு அகதியே. வீடு வாங்கியவர் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு மோட்கேஜ் கட்டினார். கீழே இருந்தவர் காசு சேர்த்து, தானும் ஒரு வீடு வாங்கி, அதன் பேஸ்மென்றை அடுத்து வந்தவருக்குக் கொடுத்தார். ஒரு சமூகம் வாடகையிலிருந்து சொந்த வீட்டுக்கு ஏறிவந்த படி அது. எந்த அரசுத் திட்டமும் அந்தப் படியைக் கட்டவில்லை. அதில் பெரும்பகுதி சட்டத்தின் பார்வைக்கு வெளியேதான் நடந்தது.

இன்று வட அமெரிக்க நகரங்கள் அதே வழியைக் கொள்கையாக அறிவிக்கின்றன. ஒரு குடும்பத்துக்கென்று ஒதுக்கிய காணியில், இருக்கும் வீட்டோடு இன்னொரு சிறிய வீட்டையும் அனுமதிப்பதுதான் அது. அந்த இரண்டாவது வீடு நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றாக இருக்கலாம். பின் ஒழுங்கையைப் பார்த்த சிறு வீடாகவோ தோட்டத்து வீடாகவோ இருக்கலாம். மாற்றியமைத்த கராஜாகவும் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் இக்கட்டுரையில் துணை வீடு என்றே குறிப்பிடுகிறேன். துணை வீடு வாடகையைக் குறைக்குமா, யாருக்குக் குறைக்கும் என்பதே கேள்வி. கலிபோர்னியாவின் அனுபவத்தையும் ஒன்ராறியோவின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: குறைந்த வருமானக்காரருக்குக் கட்டுப்படியாகும் துணை வீடுகளில் பெரும்பங்கு ஏற்கனவே கட்டப்பட்டு, அவற்றில் ஆட்கள் குடியும் இருக்கிறார்கள். அவற்றைப் பாதுகாப்பானவையாகவும் சட்டபூர்வமானவையாகவும் ஆக்குவதே முதல் வேலை. கொல்லையில் புதிய வீடு கட்டுவது அதற்கு அடுத்தது.

ஏன் மலிவு?

நகரத்தில் வீட்டு விலையின் பெரும்பங்கு நிலத்தின் விலை. துணை வீட்டுக்கு நிலம் வாங்க வேண்டியதில்லை. தெரு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. பெரிய கட்டட நிறுவனமும் தேவையில்லை. ஒரு வீட்டுக்காரரும் ஒரு சிறு ஒப்பந்தக்காரரும் போதும். ரொறன்ரோவில் குடியிருப்புக்கான நிலத்தின் மிகப் பெரிய பகுதி பல பத்தாண்டுகளாகத் தனிவீடுகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் வளர்ந்து வெளியேற, அவற்றுள் பல வீடுகளில் ஆட்கள் குறைந்து அறைகள் மிஞ்சின. அதே தெருவிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் ஓர் இளம் குடும்பம் வாடகை கட்ட முடியாமல் நகரை விட்டு வெளியேறியது. மிஞ்சிய இடத்தையும் வீடில்லாதவரையும் பிரித்து வைத்தது செங்கல்லும் சீமெந்தும் அல்ல, நிலப் பயன்பாட்டுச் சட்டம்.

கலிபோர்னியாவின் பாடம்

இந்தச் சட்டத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவைப் போலத் தெளிவான சான்று வேறில்லை. அங்கு துணை வீட்டுக்கான முதல் மாநிலச் சட்டம் 1982இலேயே வந்தது. நகரசபைகள் அதை ஏட்டில் ஏற்றுக்கொண்டு, நடைமுறையில் முடக்கின. காணி இத்தனை சதுர அடி இருக்க வேண்டும், மூடிய வாகனத் தரிப்பிடம் வேண்டும், அயலவர் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடக்க வேண்டும், பல்லாயிரம் டொலர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று நிபந்தனைகளை அடுக்கின. விதிகளுக்குப் பொருந்தும் விண்ணப்பத்தை விசாரணைக் கூட்டமின்றி அனுமதிக்க வேண்டும் என்று 2002இல் இன்னொரு சட்டம் வந்தது. அதற்கும் நகரங்கள் வழி கண்டுபிடித்தன.

திருப்பம் 2016இல் நிறைவேறி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டங்களோடு நேர்ந்தது. லொஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 2016இல் துணை வீட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் நூறைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு அவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆகின. 2019இல் மாநிலம் மிச்சமிருந்த கதவுகளையும் திறந்தது. விண்ணப்பத்துக்கு 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 750 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு உட்கட்டமைப்புக் கட்டணம் இல்லை. பக்க எல்லையிலும் பின் எல்லையிலும் நான்கு அடிக்கு மேல் இடம் விடச் சொல்லக் கூடாது. கராஜை வீடாக்கினால் அதற்குப் பதில் தரிப்பிடம் கேட்கக் கூடாது. 2016இல் மாநிலம் முழுவதும் சுமார் 1,300ஆக இருந்த அனுமதிகள் 2022இல் 24,000ஐத் தாண்டின. அங்கு புதிதாக உருவாகும் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று துணை வீடு என்ற நிலை வந்தது.

ஒறிகனின் போட்லண்ட் நகரம் இன்னும் எளிய வழியில் தொடங்கியது. துணை வீட்டுக்கான உட்கட்டமைப்புக் கட்டணத்தை 2010இல் அது தள்ளுபடி செய்தது. ஆண்டுக்குச் சில டசின்களாக இருந்த அனுமதிகள் 2018க்குள் அறுநூறுக்கு மேல் போயின. அந்த ஆண்டில் தள்ளுபடியை நிரந்தரமாக்கியபோது, சலுகை பெற்ற வீட்டைப் பத்து ஆண்டுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடக் கூடாது என்ற நிபந்தனையையும் நகரம் சேர்த்தது. பொதுப்பணத்திலிருந்து சலுகை கொடுப்பவர் அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்கலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கலிபோர்னியா வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கமும் உண்டு. 1987இல் லொஸ் ஏஞ்சலஸ் ரைம்ஸ் நாளிதழ் கள ஆய்வு நடத்தி, லொஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் ஏறத்தாழ 42,000 கராஜ்களில் மக்கள் குடியிருப்பதாகவும் அவர்கள் சுமார் இரண்டு இலட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். ஆக, துணை வீடு சட்டத்தால் பிறந்ததல்ல. சட்டம் கண்ணைத் திறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முந்தியே ஏழைகள் அதில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

செலவுதான் வாடகை

புதிய துணை வீடு எவ்வளவு வாடகைக்குப் போகிறது? பேர்க்லி பல்கலைக்கழகத்தின் கரன் சாப்பிளும் சகாக்களும் கலிபோர்னியாவில் துணை வீடு கட்டியவர்களிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. கட்டுமானச் செலவின் இடைநிலை அளவு 1,50,000 டொலர்; வாடகையின் இடைநிலை அளவு மாதம் 2,000 டொலர். கட்டப்பட்டவற்றில் பாதியளவு வாடகைக்குப் போயின. ஏறத்தாழ ஆறில் ஒன்றில் உறவினர்கள் வாடகையில்லாமல் இருந்தார்கள். தாய் தகப்பனுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் வீடு கிடைத்தது பெரிய பயன். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மாதம் 2,000 டொலர் வாடகை நடுத்தர வருமானக்காரருக்குத்தான் ஓரளவு கட்டுப்படியாகும்.

ஒன்ராறியோவுக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தோட்டத்து வீடு கட்ட ஒருவர் 3,00,000 டொலர் கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வட்டி, 25 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 1,750 டொலர். சொத்து வரி, காப்புறுதி, பராமரிப்பு எல்லாம் அதற்கு மேல். வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதற்குக் கீழே வாடகை வாங்கினால் கைக்காசு போடுகிறார். அதே வட்டியில் அதே காலத்துக்கு 80,000 டொலர் கடன் எடுத்துப் பேஸ்மென்றை ஒழுங்காக்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 470 டொலர்.

மறுபக்கத்தில் வாடகை கட்டுபவர் நிற்கிறார். 2024 அக்டோபரில் ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.20 டொலராக உயர்ந்தது. அந்த ஊதியத்தில் வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு வரிக்கு முன் மாதம் சுமார் 2,980 டொலர். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு உட்பட்டதே கட்டுப்படியாகும் வாடகை என்பது கனடாவில் நெடுங்காலமாகப் பயன்படும் அளவுகோல். அந்தக் கணக்கில் அவரால் தாங்கக்கூடியது 895 டொலருக்குக் கிட்ட. இரண்டு பேரின் முழுநேர உழைப்பைச் சேர்த்தாலும் தோட்டத்து வீட்டின் கடன் தவணையைத்தான் மட்டுமட்டாகத் தொடலாம். குறைந்த கூலிக்காரருக்கு எட்டும் வாடகையை, செலவு குறைந்த வீடு மட்டுமே தர முடியும். அப்படிப்பட்டது பேஸ்மென்ற். அதன் சுவரும் கூரையும் அத்திவாரமும் ஏற்கனவே கட்டி முடிந்தவை.

ஒன்ராறியோவின் இழுபறி

இதை ஒன்ராறியோ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தது. பொப் ரேயின் அரசு 1994இல் கொண்டுவந்த சட்டம், வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பை மாகாணம் முழுவதும் அனுமதித்தது. அடுத்து வந்த மைக் ஹரிஸ் அரசு அதைத் திரும்பப் பெற்றது. 1995 நவம்பர் 16 அன்று இருந்த குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை நகரசபைகளின் விருப்பத்துக்கு விட்டது. பல அயல்களில் அந்த விருப்பம் “எங்கள் தெருவில் வேண்டாம்” என்பதாகவே இருந்தது. ஆனால் அகதிகளின் வருகை சட்டத்தின் தேதிகளைப் பார்த்து நிற்கவில்லை. பேஸ்மென்றுகள் பெருகின. பெருகியவை பதிவேட்டில் ஏறவில்லை.

துணை வீட்டை அனுமதிக்கும் விதிகளை நகரசபைகள் வகுக்க வேண்டும் என்று 2011இன் சட்டம் சொன்னது. ரொறன்ரோ 2018இல் ஒழுங்கை வீடுகளையும் 2022இல் தோட்டத்து வீடுகளையும் அனுமதித்தது. அதே 2022இல் மாகாணத்தின் 23ஆம் இலக்கச் சட்டமூலம், தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள பெரும்பாலான நகர்ப்புறக் காணிகளில் மூன்று வீடுகள் வரை உரிமையாகவே வைத்திருக்கலாம் என்றாக்கியது. 2023 மே மாதம் ரொறன்ரோ நகரசபை ஒரு காணியில் நான்கு வீடுகள் வரை ஏற்றுக்கொண்டது. ஆக, நிலப் பயன்பாட்டுச் சட்டத்தோடு நடந்த போரில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஆனாலும் பேஸ்மென்றுகளில் பெரும்பங்கு இன்னும் வெளிச்சத்துக்கு வரவில்லை. அதற்குக் காரணம் கட்டடத்துக்கு உள்ளே இருக்கிறது.

ஒரு யன்னலின் அளவு

ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய ஒரு மாடி வீடுகளின் பேஸ்மென்ற் யன்னலைக் கவனித்துப் பாருங்கள். கூரையோடு ஒட்டியிருக்கும் ஒடுங்கிய சட்டம், மேல் விளிம்பில் கீல், பாதிதான் திறக்கும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரமும் பழைய பெட்டிகளும் வைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று வைத்தது அது. அங்கே இப்போது ஒரு கட்டிலும் ஒரு குடும்பமும் இருக்கின்றன.

ஒன்ராறியோவின் கட்டட விதி, படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியே போகும் கதவு இல்லையென்றால், ஆள் தப்பி ஏறக்கூடிய யன்னல் ஒன்றாவது வேண்டும் என்கிறது. அதன் திறப்பு குறைந்தது 0.35 சதுர மீற்றர். எந்தப் பக்கமும் 38 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. கருவி எதுவும் இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். அறுபதுக்கு அறுபது சென்ரிமீற்றர் சதுரம் என்று நினைத்துக்கொள்ளலாம். யன்னலுக்கு வெளியே மண்ணை வெட்டிக் கிணறு போல் விட்டிருந்தால், சுவருக்கும் கிணற்று விளிம்புக்கும் இடையில் ஆள் நிமிர 55 சென்ரிமீற்றர் இடம் வேண்டும். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் பொதுவாக 30 நிமிடம் தீயைத் தடுக்கும் கூரையும் சுவரும், தீயைத் தாங்கும் கதவும் வேண்டும். ஒரு தளத்தில் அடிக்கும் புகை அலாரம் மற்றத் தளத்திலும் ஒலிக்க வேண்டும். கூரை 1.95 மீற்றர் உயரம் இருக்க வேண்டும். கூரை தாழ்வானால் அத்திவாரத்துக்குக் கீழே தோண்டித் தளத்தை இறக்க வேண்டும். செலவை எகிறவைப்பது இந்த வேலைதான்.

இந்த எண்களில் எதையும் வீண் கெடுபிடி என்று தள்ள முடியாது. பக்கக் கதவுக்குப் போகும் ஒரே படியில் புகை அடைத்துவிட்டால், தப்ப இருப்பது அந்த 0.35 சதுர மீற்றர்தான்.

தீயைப் போலவே தண்ணீரும் கொல்லும். 2021 செப்ரெம்பர் முதலாம் திகதி ஐடா புயலின் எச்சம் நியூயோர்க்கில் கொட்டித் தீர்த்தபோது, நகரத்தில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பேஸ்மென்ற் குடியிருப்புகளில் இருந்தவர்கள். பெரும்பாலும் குவீன்ஸ் பகுதியின் குடிபெயர்ந்த தொழிலாளர் குடும்பங்கள். அந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை அனுமதியற்றவை. பேஸ்மென்றுகளைச் சட்டபூர்வமாக்க நியூயோர்க் 2019இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம், விதிகளின் சிக்கலாலும் செலவாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளோடு நின்றுவிட்டிருந்தது. துணை வீடுகளை அனுமதிக்கும் பெரிய மாற்றத்தை அந்நகரசபை நிறைவேற்றியது 2024 டிசம்பரில்.

ரொறன்ரோ இந்த ஆபத்துக்கு வெளியே இல்லை. பியர்சன் விமான நிலையத்தில் 2013 ஜூலை 8 அன்று 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. 2024 ஜூலை 16 அன்று சில மணி நேரத்துக்குள் 98 மில்லிமீற்றருக்குக் கிட்டப் பெய்தது. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் தண்ணீர் இறைக்கும் பம்பும் பொருத்த, நகரம் மானியம் தருகிறது. அதைப் பெற வேண்டுமென்றால் வீட்டுக்காரர் நகரசபையின் கதவைத் தட்ட வேண்டும். அனுமதியில்லாத பேஸ்மென்றை வாடகைக்கு விட்டவர் அங்கே போகத் தயங்குகிறார்.

பயம் இரண்டு பக்கமும்

வீட்டுக்காரரின் பயத்தை வெறும் பேராசை என்று எழுதிவிடுவது அநியாயம். அவர்களில் பலர் இரண்டு வேலை செய்து மோட்கேஜ் கட்டுபவர்கள். நகரசபைப் பரிசோதகர் ஒருமுறை உள்ளே வந்தால், குடியிருப்பை மூடச் சொல்வாரோ, பல்லாயிரம் டொலருக்கு வேலை செய்யச் சொல்வாரோ என்று அஞ்சுகிறார்கள். வாடகை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டும். காப்புறுதிக் கட்டணம் கூடும். வாடகை தராதவரை வெளியேற்ற, வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத்துக்குப் போனால் எத்தனை மாதம் ஆகுமோ என்ற கவலையும் உண்டு. ஒன்ராறியோ முறையீட்டு விசாரணையாளர் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, அந்த மன்றத்தில் 38,000க்கு மேற்பட்ட மனுக்கள் தேங்கிக் கிடந்ததைப் பதிவு செய்தது. இந்தத் தாமதம் வீட்டுக்காரரையும் வாட்டுகிறது, வாடகைக்கு இருப்பவரையும் வாட்டுகிறது.

கீழே இருப்பவரின் பயம் இதைவிடக் கூர்மையானது. சூடு காணாது என்று சொன்னால், சுவரில் பூஞ்சணம் என்று முறையிட்டால், இடமே போய்விடலாம். “சட்டவிரோத பேஸ்மென்றில் இருக்கிறேன், எனக்கென்ன உரிமை” என்று நினைப்பவர்கள் நம்மவர்களிலும் நிறையப் பேர். அது தவறான எண்ணம். குடியிருப்புக்கு அனுமதி இல்லாவிட்டாலும் ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் அவரைப் பாதுகாக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பாதுகாக்கிறது. வீட்டுக்காரரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தோடோ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்தால்தான் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகும். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முறையாக வாடகைக்கு வந்த பெரும்பாலான குடியிருப்புகளுக்கு ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. அந்தத் தேதிக்குப் பிறகு உருவான பேஸ்மென்ற் குடியிருப்புகளில் பலவற்றின் வாடகையை மறு ஆண்டே எவ்வளவும் ஏற்றலாம் என்பது இதன் பொருள். வீட்டின் தரம் உயரும்போது அதில் இருந்தவரை வாடகையே வெளியே தள்ளிவிடக் கூடும்.

கண்டிப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அயல் நகரமான மிசிசாகா அனுபவித்துப் பார்த்தது. 2014இல் துணை வீட்டுக்கு உரிமம் பெற வேண்டும் என்று அது விதித்தது. முன்வந்தவர்கள் மிகக் குறைவு. 2016இல் உரிம முறையைக் கைவிட்டு எளிய பதிவு முறைக்கு மாறியது. தண்டனைக்கு அஞ்சுபவர் திருந்துவதைவிட ஒளிந்துகொள்வதே அதிகம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, கால வரையறையுள்ள பொதுமன்னிப்பு. தானாக முன்வந்து பேஸ்மென்றைப் பரிசோதனைக்குத் திறப்பவருக்குப் பழைய தவறுக்காக அபராதம் இல்லை என்று நகரசபை எழுத்தில் உறுதி தர வேண்டும். உயிர் காக்கும் விதிகளில், அதாவது வெளியேறும் வழி, தீத்தடுப்பு, அலாரம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு ஆகியவற்றில் விட்டுக்கொடுப்பு கூடாது. அவற்றுக்கு அப்பாற்பட்ட குறைகளைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்கில் அவகாசம் கொடுக்கலாம்.

இரண்டாவது, பணம். வயதான பெற்றோருக்கோ உடல் இயலாத உறவினருக்கோ துணை வீடு அமைப்பவருக்கு மத்திய அரசு 2023 முதல் 7,500 டொலர் வரை வரிச்சலுகை தருகிறது. நல்ல திட்டம், ஆனால் அது சொந்தக் குடும்பத்துக்கு மட்டும். வாடகைக்கு இருக்கும் அந்நியரின் உயிருக்கும் அதே அக்கறை வேண்டும். யன்னலைப் பெருப்பிக்கவும் தீத்தடுப்புக் கூரை போடவும் குறைந்த வட்டிக் கடனும் மானியமும் வேண்டும். உதவி பெற்றவர் பத்து ஆண்டுகளுக்கு நாள்வாடகைக்கு விடக் கூடாது. இருக்கும் குடியிருப்பாளரை வெளியேற்றக் கூடாது. வாடகையை மாகாண வரம்புக்கு மேல் ஏற்றக் கூடாது. பொதுப்பணத்துக்கு இவை நியாயமான ஈடு.

மூன்றாவது, திருத்த வேலை நடக்கும் காலத்தில் குடியிருப்பாளருக்கு மாற்று இடம். பாதுகாப்பின் பெயரால் ஒருவரைத் தெருவில் விடும் பரிசோதனை, அடுத்த வீட்டுக்காரரையும் அடுத்த குடியிருப்பாளரையும் இன்னும் ஆழமாக ஒளியச் செய்யும்.

நான்காவது பொறுப்பு நம்முடையது. இந்த நகரத்தில் வீடு விற்பவரும் மோட்கேஜ் எடுத்துத் தருபவரும் ஒப்பந்தக்காரரும் வானொலி நடத்துபவரும் நம்மிடையே ஏராளம். வீடு வாங்கும் ஒருவரிடம் “பேஸ்மென்ற் இவ்வளவு வாடகை தரும்” என்று சொல்லும் அதே வாய், “அதற்குக் கட்டட அனுமதி இருக்கிறதா, யன்னலால் ஆள் வெளியே வர முடியுமா” என்றும் கேட்க வேண்டும்.

துணை வீடு வீட்டு நெருக்கடி முழுவதையும் தீர்க்காது. சமூக வீடமைப்பிலும் கூட்டுறவு வீடுகளிலும் அரசு போட வேண்டிய முதலுக்கு அது மாற்றும் ஆகாது. ஆயினும் குறைந்த செலவில், குறைந்த காலத்தில், நிறையப் பேரின் வாழ்வை மேம்படுத்தக்கூடிய வேலை நம் காலடியில் இருக்கிறது. கொல்லையில் எழும் அழகான புதிய வீட்டுக்குக் கிடைக்கும் வரவேற்பும் கடனும் சலுகையும், ஏற்கனவே ஆட்கள் உறங்கும் பேஸ்மென்றுக்கு முதலில் கிடைக்க வேண்டும். நேற்று அங்கே நம் பெற்றோர் இருந்தார்கள். இன்று பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஏறி வந்த படியைச் செப்பனிட்டுக் கொடுப்பது, ஏறி வந்தவர்களின் கடமை.